வஹகோட்டையில் பார்க்க என்ன இருக்கிறது?

தம்புள்ளைக்கும் சிகிரியாவுக்கும் ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன்கள் வஹகோட்டைப் பக்கம் திரும்புவதில்லை. கேட்டால் பதில் தயாராக இருக்கும். அது நேர்த்திக்கடன் ஊர், ஜூன் மாதம் அந்தோனியார் பெருநாளுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வரலாம், மற்றப்படி பார்க்க ஒன்றுமில்லை. போர்த்துக்கேயர் காலத்தைப் பார்க்க ஆசையா, கரையோரக் கோட்டைகளுக்குப் போங்கள். மூர்களும் கிறிஸ்தவர்களும் மாறிமாறி ஆண்ட ஊர் வேண்டுமா, ஸ்பெயினுக்கு விமானம் ஏறுங்கள். இதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எதுவும் நிற்காது.

போர்த்துக்கேயர் கரையோரத்தோடு நின்றுவிட்டவர்கள் அல்லர். 1594இல் தந்துரை, 1630இல் ரந்தெனிவெல, 1638இல் கன்னொறுவை என்று மூன்று முறை அவர்களுடைய பெரும்படை உள்நாட்டுக்குள் புகுந்து அழிந்தது. மூன்று முறையும் படைத்தலைவனே உயிரிழந்தான். செத்தவர்கள் போக, பிடிபட்டவர்கள் இருந்தார்கள். கண்டி அரசன் அப்படிப் பிடித்த போர்த்துக்கேயரைக் குடியேற்றிய ஊர்தான் வஹகோட்டை என்பது அங்கு வழிவழியாக வரும் செய்தி. 1656இல் கொழும்பு ஒல்லாந்தர் கைக்குப் போனபோதும் போர்த்துக்கேயர் பலர் அரசன் பக்கம் வந்து சேர்ந்தார்கள். 1660 முதல் 1679 வரை கண்டி அரசில் கைதியாக இருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், தம்மைப்போல் அங்கே வாழ்ந்த பிற ஐரோப்பியரைப் பற்றியும் எழுதியிருக்கிறார்.

ஸ்பெயினைப் பற்றிய பேச்சுக்குத்தான் விரிவான பதில் வேண்டும். 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல் ஸ்பானிய மன்னரின் கீழ் இருந்தது. 1597இல் கோட்டே மன்னன் தர்மபாலன் இறந்ததும், அவன் எழுதிக்கொடுத்திருந்தபடி, அந்த முடிக்கு உரிமை கொண்டாடியவர் ஸ்பெயினின் பிலிப் மன்னர். ரந்தெனிவெலயிலும் கன்னொறுவையிலும் சண்டையிட்ட போர்த்துக்கேயர் அந்த முடிக்காகவே ஆயுதம் எடுத்தவர்கள். ஸ்பெயினில் கிரனாடாவின் கடைசி முஸ்லிம் அரசு வீழ்ந்தது 1492இல். மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களின் சந்ததியாரைக்கூட ஸ்பெயின் 1609 முதல் துரத்தத் தொடங்கியது. அதே முடியின் ஆட்சி 1626இல் இலங்கையில் தன் பிடியிலிருந்த பகுதிகளிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றியது. அவர்களுக்கு மட்டக்களப்புப் பக்கம் நிலம் கொடுத்து அமர்த்தியவன் கண்டி மன்னன் செனரத். துரத்தியவர்களின் படை தோற்று, அதில் பிடிபட்டவர்களுக்கும் அதே கண்டி அரசில் குடியிருக்க இடம் கிடைத்தது. ஐபீரியாவில் ஒருவரை ஒருவர் விரட்டிய இரு மதத்தாரும் இங்கே ஒரே அரச குலத்தின் நிழலில் பிழைத்திருக்கிறார்கள். கோர்தோபாவின் பெரிய பள்ளிவாசல் 1236இல் தேவாலயமாக்கப்பட்டது. அதன் வளைவுகளை உலகமே போய்ப் பார்க்கிறது. அவற்றைக் கட்டியவர்களின் சமூகம் அந்த ஊரில் தொடர்ந்து வாழ விடப்படவில்லை. வஹகோட்டையில் அப்படிப்பட்ட வளைவுகள் இல்லை, ஆட்கள் இருக்கிறார்கள்.

அங்கே வணங்கப்படும் புனிதரையே சற்று உற்றுப் பார்க்கலாம். பழுப்பு அங்கி, இடுப்பில் முடிச்சிட்ட கயிறு, கையில் குழந்தை இயேசு: கொச்சிக்கடையிலும் கச்சதீவிலும் தமிழர் கும்பிடும் அதே அந்தோனியார். பதுவை அந்தோனியார் என்று சொன்னாலும் அவர் பிறந்தது லிஸ்பனில். அந்த நகரம் 1147 வரை முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. 1220இல் மொறோக்கோவில் கொல்லப்பட்ட பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் கொயிம்பிராவுக்கு வந்தபோதுதான் அவர் அந்தச் சபையில் சேர முடிவெடுத்தார். தாமும் மொறோக்கோவுக்குப் புறப்பட்டுப் போனார். பெருநாளில் கொடியேறி, சொரூபம் வீதிவலம் வரும்போது, அந்த நெடுங்கதையும் சேர்ந்தே வருகிறது.

வாளால் வந்த மதம், ஆட்சி போனதும் போயிருக்க வேண்டியது என்றொரு வாதமும் உண்டு. வஹகோட்டைக்கு இது கொஞ்சமும் பொருந்தாது. கரையோரத்தை ஒல்லாந்தர் பிடித்ததும் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள், குருமாரைத் துரத்தினார்கள். மலைநாட்டில் இருந்ததோ பௌத்த அரசு. இரண்டு பக்கத்திலும் கத்தோலிக்கருக்கு அதிகாரம் இல்லை. கோவாவிலிருந்து வந்த ஜோசப் வாஸ் அடிகளார் 1692இல் கண்டிக்குள் நுழைந்தபோது, போர்த்துக்கேய ஒற்றன் என்று சந்தேகித்துச் சிறையில் வைத்தார்கள். பிறகு கண்டி அரசனின் அனுமதியோடு ஊர் ஊராகப் போய்ப் பணி செய்து, 1711இல் கண்டியிலேயே இறந்தார். அவரும் கூட்டாளிகளும் தொடங்கிய ஏற்பாட்டில், குருவானவர் இல்லாத ஊரில் மூப்பரும் அண்ணாவியாரும் செபத்தை நடத்தினார்கள். இலங்கைக் கத்தோலிக்கம் தப்பியது இப்படித்தான். பீரங்கிக்கு இதில் பங்கில்லை.

ஊரைப் புகழ வருகிறவர்களும் ஒரு தவறு செய்கிறார்கள். வெள்ளைத் தோலும் பூனைக் கண்ணும் தேடி வந்து, வீட்டு வாசலில் நிற்பவர்களைப் படம் பிடிக்கிறார்கள். ஏறத்தாழ நான்கு நூற்றாண்டு கொண்டும் கொடுத்தும் கலந்த குடும்பங்கள் அவை. வீட்டில் பேசுவது சிங்களம். முகத்தில் போர்த்துக்கலைத் தேடுவது அநாகரிகம், வரலாற்றுக்கும் அதனால் பயனில்லை.

தம்புள்ளைக் குகைகளுக்குப் போகிறவர்கள் கலேவெலப் பக்கம் உள்ள வஹகோட்டைக்கு அரை நாள் ஒதுக்கினால் போதும். பெருநாள் நெரிசல் வேண்டாம் என்பவர்கள், அந்தோனியாருக்குரிய செவ்வாய்க்கிழமையில் போகலாம். வழிகாட்டிகள் மெழுகுதிரிக் கடையோடு பேச்சை முடித்துவிடாமல் 1626ஐயும் 1638ஐயும் சேர்த்துச் சொல்லட்டும். கேட்பவர்களில் மட்டக்களப்பு முஸ்லிம் ஒருவர் இருந்தால், அது அவருடைய குடும்பக் கதையாகவும் இருக்கக்கூடும்.