பேட்டாவை மட்டும் பார்க்காதீங்க!



சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி, 'லாரி டிரைவருக்கு மட்டும் பெண்ணைக் கொடுக்காதீர்கள்' என்று எழுதியிருந்தார். அவர் பட்ட கஷ்டம் அவருக்குத்தான் தெரியும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 14 வருடமாக டிரைவரோடு குடும்பம் நடத்துகிறவள் என்ற முறையில் எனக்கும் ஒரு கருத்து உண்டு. டிரைவர் வேலை என்றால் எல்லாம் ஒரே வேலை இல்லை. என்ன வண்டி ஓட்டுகிறார் என்பதில்தான் வீட்டின் நிம்மதி இருக்கிறது.

எங்கள் ஊர் நாமக்கல். தெருவில் பாதி வீடு லாரியை நம்பித்தான் அடுப்பு மூட்டுகிறது. என் கணவர் முதலில் லைன் வண்டி ஓட்டினார். லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால், ரிட்டன் லோடு கிடைக்கும் வரை புரோக்கர் ஆபீஸ் வாசலில் மூன்று நாள், நாலு நாள் கிடக்க வேண்டும். அந்த நாளுக்குச் சம்பளம் கிடையாது, சாப்பாடு கைக்காசு. அதை ஈடுகட்ட ராத்திரி தூங்காமல் ஓட்ட வேண்டும். மோட்டார் தொழிலாளிக்கு நாளுக்கு 8 மணி நேர வேலை என்று 1961-லேயே சட்டம் போட்டார்கள். லைன் வண்டியில் அதை யார் பார்த்தார்கள்? என் மூத்த மகள் பிறந்து பதினேழாம் நாள்தான் அவள் அப்பா முகத்தைப் பார்த்தாள்.

2019-ல் கேஸ் டேங்கர் ஓட்ட அவருக்கு ஒரு வாய்ப்பு வந்தது. இதற்கு ஹெவி லைசென்ஸ் மட்டும் போதாது. எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 3 நாள் பயிற்சி வகுப்பில் தேறி சர்டிபிகேட் வாங்கி, அதை ஆர்.டி.ஓ. ஆபீசில் லைசென்சில் பதிய வேண்டும். இவர் எட்டாவதோடு நின்றவர், இங்கிலீஷ் என்றால் கூச்சம். நான் பத்தாவது. ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு நான் எழுத்துக்கூட்டிச் சொல்ல, அவர் திருப்பிச் சொல்லுவார். 'டேஞ்சர்', 'பிளேமபிள்' எல்லாம் எங்கள் சமையலறையில் கற்றதுதான்.

என் மாமியார், "ஏம்புள்ள, அவனக் கொண்டுபோயி வெடிகுண்டு மேல உட்கார வைக்கிறியா?" என்று அழுதார். அந்தப் பயம் வீண் பயம் இல்லை. 2012 ஆகஸ்டில் கேரளாவில் கண்ணூர் பக்கம் சாலா என்ற ஊரில் கேஸ் டேங்கர் கவிழ்ந்து, சனங்கள் தீயில் மாண்டு போனார்கள். அதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்கும்.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். ஆபத்து என்று எல்லோருக்கும் தெரிந்த வண்டி என்பதால்தான் இதில் முறை இருக்கிறது. தொட்டியை முழுக்க நிரப்ப மாட்டார்கள்; சூட்டில் கேஸ் விரியும் என்று இடம் விட்டுத்தான் ஏற்றுவார்கள். வண்டி மேல் 1075 என்று ஒரு எண் இருக்கும். உள்ளே இருப்பது கேஸ் என்று தீயணைப்புக்காரர்கள் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். கசிந்தால் கேஸ் மேலே போகாது, தரையோடு படரும் என்பதும், அதற்கு என்ன செய்வது என்பதும் வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். லைன் வண்டியில் தூக்கக் கலக்கத்தோடு ஓட்டியபோது எந்த மாமியாரும் அழவில்லையே!

இதிலும் காத்திருப்பு உண்டு. பிளாண்ட் வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்கும், சில சமயம் இரண்டு நாள்கூட ஆகும். ஆனால் லோடு தேடி அலைய வேண்டாம். எங்கே ஏற்றி எங்கே இறக்குவது என்று முன்கூட்டியே தெரியும். எல்லாவற்றையும் விட, "இது எல்லாரும் ஓட்டுற வண்டி இல்ல புள்ள" என்று அவர் சொல்லும்போது முகத்தில் ஒரு தெளிவு வருகிறது. அதை எந்த பேட்டாவும் தராது.

இதை இப்போது எழுதக் காரணம் என் தம்பி. 24 வயது, ஹெவி லைசென்ஸ் எடுத்து பேட்ஜும் வாங்கிவிட்டான். திருச்செங்கோட்டில் ஒருவர் ரிக் வண்டிக்குக் கூப்பிடுகிறார். போர் போட வெளி மாநிலம் போனால் மாசக்கணக்கில் ஊர் திரும்ப முடியாது, பணம் மொத்தமாக வரும். இன்னொருவர் பால் டேங்கருக்குக் கூப்பிடுகிறார். பால் கெட்டுவிடும் என்பதால் நேரம் தவறாத ஓட்டம். தீபாவளி, பொங்கலுக்கும் லீவு இல்லை, சம்பளமும் குறைவு. ஆனால் தினம் வீட்டுச் சோறு. கடன் இருப்பதால் அம்மா ரிக் வண்டிக்கே போகட்டும் என்கிறார். அம்மா சொல்வதும் நியாயம்தான். ஆனால் அவனுக்குப் பெண் பார்க்கும் நேரம் இது. வருகிறவள் யாரோடு குடும்பம் நடத்துவாள்?

பட்டணத்துப் பக்கம் இருப்பவர்கள் கலவை கான்கிரீட் வண்டியையும் யோசிக்கலாம். கலவை இறுகும் முன் கொட்டியாக வேண்டும் என்பதால் தூரம் போக வழியில்லை. ராத்திரி வேலை வந்தாலும் விடிந்தால் வீட்டில் இருப்பார்.

எந்த வண்டியானாலும் சேரும் முன் இதைக் கேட்கச் சொல்லுங்கள், சகோதரிகளே. எத்தனை நாளுக்கு ஒரு முறை வீட்டுக்கு வரலாம்? காத்துக் கிடக்கும் நாளுக்குக் காசு உண்டா? தூர ஓட்டத்துக்கு மாற்று டிரைவர் உண்டா? பி.எப்., இன்சூரன்ஸ் பிடிக்கிறார்களா? சரக்கு குறைந்தாலோ வண்டியில் அடிபட்டாலோ யார் தலையில் கட்டுவார்கள்? புது வண்டியா, பழசா? 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். நம் ஊர் வெயிலில் இது சொகுசு இல்லை, தேவை.

'பொம்பளைக்கு லாரியைப் பத்தி என்ன தெரியும்' என்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு போன் அடித்தால் நெஞ்சு பதறுவது நமக்குத்தானே? அதனால் கேட்கிற உரிமையும் நமக்கு உண்டு. டிரைவருக்குப் பெண் கொடுக்காதீர்கள் என்று சொல்வதை விட, இதையெல்லாம் கேட்டுக் கொடுங்கள் என்று சொல்வதே நல்லது.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல்.