கசிவோடு ஓட்டலாமா?

"முன் ஷாக்ல லேசா ஆயில் கசியுதுண்ணே, இப்படியே ஓட்டலாமா?" ஒர்க் ஷாப் வாசலில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. "ஓட்டுங்க தம்பி, அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்" என்ற பதிலும் அதே அளவுக்குக் காதில் விழுகிறது. அந்தப் பதில் தவறு என்று சொல்லத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். சாதாரண பைக்கை, பிரேக்கில் எண்ணெய் படாத வரை, மெதுவாக ஒர்க் ஷாப்புக்கு ஓட்டிப் போகலாம். அதற்கு மேல் ஓட்டக் கூடாது.

வண்டியின் முன்பக்கம் இரண்டு கால்கள். ஒவ்வொன்றிலும் குரோம் பூசிய பைப் ஒன்று அடிக்குழாய்க்குள் ஏறி இறங்குகிறது. உள்ளே ஒரு ஸ்பிரிங், கூடவே ஒரு டம்ளர் அளவு எண்ணெய். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கை அடக்கி வைப்பது எண்ணெய். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு போக வேண்டும். அதனால்தான் ஸ்பிரிங் நிதானமாக அமுங்கி நிதானமாக நிமிர்கிறது. 1935-ல் பிஎம்டபிள்யூ தன் ஆர்12 வண்டியில் எண்ணெய் அடக்கத்தோடு கூடிய இந்த டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் தெருவில் ஓடும் பெரும்பாலான பைக்குகளின் அடிப்படையும் அதுதான். எண்ணெயை வெளியே விடாமல் காப்பது ஒரு ரப்பர் வளையம். அதைத்தான் ஆயில் சீல் என்கிறோம்.

சீல் போனாலும் ஸ்பிரிங் அப்படியே இருப்பதால் வண்டி படுத்துவிடாது. எண்ணெய் நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் கையும் உடம்பும் அதற்குப் பழகிவிடும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் சீரான சாலையில் போகிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. "நல்லாத்தானே ஓடுது" என்று அவர் நம்புவதில் வியப்பில்லை. ஆனால் ஃபோர்க் எண்ணெயின் அருமை தெரியும் நேரம் வேறு. நாய் குறுக்கே பாய்கிறது, முன்னால் போன பஸ் திடீரென்று நிற்கிறது. முன் பிரேக்கை அழுத்திப் பிடித்ததும் வண்டியின் எடை முன் சக்கரத்தில் வந்து விழுகிறது. எண்ணெய் குறைந்த ஃபோர்க் சட்டென்று அடிவரை அமுங்கும். மேடு பள்ளத்தில் சக்கரம் துள்ளும். தரையை விட்டுத் துள்ளும் சக்கரத்தில் பிரேக் பிடித்துப் பயனில்லை. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயம். சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளாமல் ஏபிஎஸ் பார்த்துக்கொள்ளும். தரையைத் தொடாத சக்கரத்துக்கு அதனாலும் பிடிமானம் தர முடியாது.

அடுத்த ஆபத்து இன்னும் நேரடியானது. டிஸ்க் இருக்கும் பக்கத்துக் காலில் சீல் போனால், வழியும் எண்ணெய் கேலிப்பருக்கும் டிஸ்க்குக்கும் இறங்குகிறது. டிஸ்க்கைப் பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்துவிடலாம். எண்ணெய் குடித்த பேடை மீட்க முடியாது. எமரி பேப்பரில் தேய்த்து, தீயில் காட்டி, மறுபடி மாட்டித் தருகிறார்கள். அதை நம்பி உயிரை வைக்காதீர்கள், புது பேட் போடுங்கள். டிரம் பிரேக் வண்டியில் லைனர் மூடிய டிரம்முக்குள் இருப்பதால் இந்தப் பயம் குறைவு. முதலில் சொன்ன ஆபத்து அதற்கும் உண்டு.

தலைகீழ் ஃபோர்க் வைத்த வண்டிகளுக்குக் கண்டிப்பு இன்னும் கூடுதல். 2012-ல் டியூக் 200 வந்தபின் அந்த அமைப்பு நம் ஊர் இளைஞர்களிடம் பரவியது. அதில் சீல் காலின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. எண்ணெய் அதற்கு மேலே நிற்கிறது. சீல் கிழிந்தால் எண்ணெய் வேகமாக வடிந்து நேராக பிரேக் பக்கம் வரும். அந்த வண்டியை ஓட்டிப் போக வேண்டாம், குட்டி யானையில் ஏற்றிப் போங்கள்.

சீல் ஏன் போகிறது? ரப்பருக்கு வயதாகும், அது இயல்பு. அதற்கு முன்பே கெடுப்பது நம் சாலையும் சூழலும். பைப்பில் ஒட்டிக் காய்ந்த சேறு ஒவ்வொரு முறை அமுங்கும்போதும் சீலின் விளிம்பை அறுக்கிறது. சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று குரோமை அரித்துப் புள்ளி புள்ளியாகத் துரு ஏற்றுகிறது. வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் கடக்கும்படியான சரிவு. நம் தெருக்களில் ஒரு முழ அகலத்தில் வரப்பு மாதிரி எழுப்பி வைத்திருக்கிறார்கள். இரண்டு பால் கேனோடு, கேஸ் சிலிண்டரோடு, மனைவி மக்களோடு அதில் நாள் முழுக்க ஏறி இறங்கும் ஃபோர்க் எத்தனை காலம் தாங்கும்?

சோதிப்பது எளிது. பைப்பைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டில்பாரை நாலைந்து முறை பலமாக அமுக்குங்கள். பைப்பைச் சுற்றி எண்ணெய் வளையம் தெரிந்தால் கசிவு. அமுக்கி விட்டதும் ஒரே தடவையில் எழுந்து நிற்காமல் ஊஞ்சலாடினால் எண்ணெய் குறைந்துவிட்டது. சில நேரம் சீலின் இடுக்கில் மண் சிக்கியிருப்பதுதான் காரணமாக இருக்கும். டஸ்ட் சீலைத் தூக்கி மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் வழித்தெடுத்தால் கசிவு நிற்கும். நிற்காவிட்டால் இரண்டு காலுக்கும் சேர்த்து சீல் மாற்றுங்கள். எண்ணெயும் இரண்டிலும் புதிதாக, வண்டியின் கையேடு சொல்லும் தரத்தில், சொல்லும் அளவில். பைப்பின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் அந்தத் துருப்புள்ளியே புது சீலையும் கிழித்துவிடும். பைப்பையும் கவனித்தாக வேண்டும்.

சாதாரண பைக்குக்கு சீலும் எண்ணெயும் சில நூறு ரூபாய்தான். அன்றாடம் வண்டியை நம்பிப் பிழைப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய செலவு, ஒர்க் ஷாப்பில் காத்திருந்து இழக்கும் அரை நாள் கூலி. வீடு வீடாக உணவு கொண்டு போகும் இளைஞர்கள் கசியும் ஃபோர்க்கோடு மழையிலும் ஓடுவது அலட்சியத்தால் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அரை நாளை அவர்களுக்கு யாரும் தருவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவு, ஆபத்தான குறையுள்ள வண்டியை ஓட்டுபவரோடு ஓட்ட அனுமதிப்பவரையும் குற்றவாளியாக்குகிறது. குறை தெரியாது என்று தப்பவும் வழியில்லை. சாதாரணக் கவனத்தில் தெரிந்திருக்கக்கூடியதாக இருந்தாலே போதும். தம் வண்டியைக் கொடுத்து ஆளை அனுப்பும் முதலாளிகள் இதைப் படிக்க வேண்டும்.

மெக்கானிக் அண்ணன்மாருக்கும் ஒரு வேண்டுகோள். கசிவைத் துடைத்துவிட்டு வண்டியைக் கொடுக்காதீர்கள். வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். சொந்த இருசக்கர வாகனத்துக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதுவரை அரசு தரப்பில் யாரும் அந்த ஃபோர்க்கைப் பரிசோதிப்பதில்லை. உரிமையாளர் கண்ணும் உங்கள் கையும்தான் அதற்குப் பரிசோதனை.

இன்று மாலை வண்டியை நிறுத்தியதும் ஒரு வெள்ளைத் துணியை எடுத்து முன் பைப்பைத் துடைத்துப் பாருங்கள். எண்ணெய் ஒட்டினால், நாளைக் காலை பிள்ளையைப் பள்ளிக்குப் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ அனுப்பிவிட்டு, வண்டியை ஒர்க் ஷாப்பில் விடுங்கள்.