கொடி எவருடையது? கப்பல் எவருடையது?



2021-ஆம் ஆண்டு மார்ச் திங்கள் 23-ஆம் நாள், சூயஸ் கால்வாயின் குறுக்கே ஒரு பெருங்கப்பல் சிக்கிக்கொண்டு, ஆறு நாள்கள் உலக வாணிபத்தையே நிறுத்தி வைத்ததே, நினைவிருக்கிறதா? 'எவர் கிவன்' என்பது அதன் பெயர். நீளம் 400 மீட்டர். அந்தக் கப்பல் எந்த நாட்டினது என்று அன்று யாரேனும் கேட்டிருந்தால், என்ன விடை கிடைத்திருக்கும்?

உடையவர் ஜப்பானியர். வாடகைக்கு எடுத்து ஓட்டியது தைவான் நிறுவனம். தொழில்நுட்பப் பொறுப்பு ஜெர்மானிய நிறுவனத்திடம். பறந்த கொடியோ பனாமாவின் கொடி. உள்ளே இருந்து உழைத்த மாலுமிகள் 25 பேரும் இந்தியர்! கப்பல் மீட்கப்பட்ட பிறகும், இழப்பீட்டு வழக்கு முடியும் வரையில், ஜூலை 7-ஆம் நாள்வரை எகிப்தைவிட்டு நகர அதற்கு இசைவு கிடைக்கவில்லை. முதலீடு ஒரு நாட்டிலே, கொடி ஒரு நாட்டிலே, வழக்கு ஒரு நாட்டிலே. காத்துக் கிடந்தவன் மட்டும் நம் நாட்டு உழைப்பாளி.

அந்தக் கப்பலுக்காவது உடையவர் யாரென்று தெரிந்தது. வழக்காடவும் ஆளிருந்தது. உடையவரே தெரியாத கப்பல்கள் உண்டு என்பதை அறிவீர்களா?

கப்பலின் கொடி, அழகுக்குக் கட்டிய துணி அன்று. நடுக்கடலில் போலீசு நிலையம் கிடையாது, நீதிமன்றம் கிடையாது. எந்த நாட்டின் கொடி பறக்கிறதோ, அந்த நாட்டின் சட்டமே அந்தக் கப்பலில் ஆள்கிறது. கப்பல் கடலோடத் தகுந்ததா, மாலுமிக்குச் சம்பளம் கிடைத்ததா, விபத்து நேர்ந்தால் விசாரிப்பது யார் என்பன அனைத்துக்கும் பொறுப்பேற்க வேண்டியது கொடி தந்த அரசே. அப்படிப்பட்ட கொடி இன்று கட்டணத்துக்குக் கிடைக்கும் பண்டமாகிவிட்டது. 'வசதிக் கொடி' என்று அதற்குப் பெயர். யாருடைய வசதி? உடையவனின் வசதி!

இதன் வரலாற்றைச் சற்றே பாருங்கள். 1920-களில் அமெரிக்காவில் மதுவிலக்கு நடந்த காலத்தில், பயணிகளுக்கு மது விற்க விரும்பிய முதலாளிகள் சிலர் தம் கப்பல்களின் கொடியை இறக்கிப் பனாமாவின் கொடியை ஏற்றினர். வழி தெரிந்துவிட்டது. குறைந்த வரி, குறைந்த சம்பளம், குறைந்த கேள்வி! 1948-இல் லைபீரியாவின் கப்பல் பதிவேடு உருவாயிற்று. உருவாக்கியவர் லைபீரியர் அல்லர். அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் எட்வர்டு ஸ்டெட்டினியஸ். ஆப்பிரிக்க நாட்டின் அந்தப் பதிவேடு இன்றும் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலிருந்தே நடத்தப்படுகிறது. பசிபிக் தீவு நாடான மார்ஷல் தீவுகளின் பதிவேடும் அவ்வாறே. லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் ஆகிய மூன்றின் கொடிகளின் கீழ், உலக வணிகக் கப்பல்களின் சுமைத்திறனில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் இருக்கிறது. இந்த மூன்று நாடுகளின் மக்களா அத்தனை கப்பல்களுக்கும் சொந்தக்காரர்கள்? இல்லை! கிரேக்க நாட்டிலும் சீனத்திலும் ஜப்பானிலும் இருக்கிறார்கள் பெரும் சொந்தக்காரர்கள்.

உலகம் இதைக் கண்டிக்கவில்லையா? கண்டித்தது, ஏட்டிலே! கொடிக்கும் கப்பலுக்கும் 'மெய்யான தொடர்பு' இருக்க வேண்டும் என்று 1958-இல் ஜெனீவா உடன்படிக்கை எழுதியது. 1982-இன் கடல் சட்ட உடன்படிக்கையும் அதையே எழுதியது. மெய்யான தொடர்பு என்றால் என்ன என்று இரண்டுமே வரையறுக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க 1986-இல் ஐக்கிய நாடுகள் அவையின் ஆதரவில் தனி உடன்படிக்கையே உருவாயிற்று. செயலுக்கு வருவதற்குப் போதுமான நாடுகள் அதை ஏற்கவில்லை. இன்றுவரை அது உறங்குகிறது.

இன்னொன்றும் கேளுங்கள். உலகக் கப்பல் போக்குவரத்தின் பாதுகாப்பைக் கவனிக்க லண்டனில் ஒரு பன்னாட்டு அமைப்பு உண்டு. 1959-இல் அதன் பாதுகாப்புக் குழுவுக்கு, மிகுதியாகக் கப்பலுடைய நாடுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. லைபீரியாவையும் பனாமாவையும் விட்டுவிட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். வழக்கு உலக நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1960-இல் நீதிமன்றம் கருத்துரைத்தது: பதிவேட்டில் உள்ள எடையே கணக்கு, உண்மையில் உடையவர் யார் என்று பார்க்க வேண்டியதில்லை! அன்று முதல் ஏடே உண்மையாயிற்று. உண்மை வெறும் ஏட்டளவாயிற்று.

"இதனால் என்ன கேடு? சரக்குக் கட்டணம் குறைகிறது, நம் இளைஞர்க்கு வேலை கிடைக்கிறது" என்பார் உண்டு. அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. உலக வாணிபத்தில் அளவால் ஐந்தில் நான்கு பங்கு கடல்வழியே செல்கிறது. மலிவான கட்டணத்தின் பயன் நம் அடுப்பங்கரை வரை வருகிறது. பெரிய பதிவேடுகளின் கப்பல்கள் பல, துறைமுகச் சோதனைகளில் நன்றாகவே தேறுகின்றன. வெயிலடிக்கும் நாளில் எல்லாக் கொடியும் அழகாகத்தான் பறக்கும். புயலடிக்கும் நாளில் யார் வருவார்? அதுவே கேள்வி.

'ரோசஸ்' என்றொரு பழைய கப்பல். 2013-இல் ஜார்ஜியாவிலிருந்து மொசாம்பிக்குக்கு 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்டை ஏற்றிப் புறப்பட்டது. கொடி மால்டோவாவினது. மால்டோவாவுக்குக் கடற்கரையே கிடையாது! பெய்ரூத் துறைமுகத்தில், கடலோடத் தகுதியில்லை என்று கப்பலைத் தடுத்து நிறுத்தினர். கப்பல்காரர் கைவிட்டார். சம்பளமில்லை, உணவுக்கும் தட்டுப்பாடு. கப்பல் தலைவரும் மூன்று மாலுமிகளும் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அந்த வெடிமருந்துக் குவியலின் மேல் சிறைப்பட்டிருந்தனர். வழக்கறிஞரை அமர்த்தக் கப்பலின் எரிபொருளை விற்கவேண்டியதாயிற்று. 2014-இல் அவர்கள் வீடு திரும்பினர். சரக்கு கிடங்குக்குப் போயிற்று. 2020 ஆகஸ்டு 4-ஆம் நாள் அந்தக் கிடங்கு வெடித்தது. 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நகரத்தின் ஒரு பகுதியே சிதைந்தது. கிடங்கிலே போட்டுவைத்த அதிகாரிகளின் குற்றம் பெரிது, அதை மறுப்பாரில்லை. ஆனால், கப்பலின் உண்மையான உடையவர் யார் என்ற தகராறே பின்னரும் ஓயவில்லை என்றால், அந்தக் கொடியின் பயன்தான் என்ன?

ரோசஸ் ஒன்றுதானா? பன்னாட்டுப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் கணக்கைப் பாருங்கள். 2024-ஆம் ஆண்டில் மட்டும் 300-க்கும் மேற்பட்ட கப்பல்களில் 3,000-க்கும் மேற்பட்ட மாலுமிகள் கைவிடப்பட்டனர். அவர்களுள் மிகுதியானோர் எந்த நாட்டவர்? இந்தியர்!

கடற்பணியாளர் உடன்படிக்கை என்ற நல்ல சட்டம் 2006-இல் உருவாகி, 2013-இல் செயலுக்கு வந்தது. இரண்டு திங்களேனும் சம்பளம் தராமல் விட்டாலே மாலுமியைக் கைவிட்டதாகும் என்கிறது அது. நான்கு திங்கள் சம்பளத்துக்கும் ஊர் திரும்பும் செலவுக்கும் உடையவன் பிணையம் காட்ட வேண்டும் என்று 2017 முதல் விதியும் உண்டு. இந்தியாவும் ஏற்ற சட்டமே இது. ஆயினும் பிணையம் இல்லாத கப்பலே கைவிடப்படுகிறது. ஓராண்டு கிடந்தவனுக்கு நான்கு திங்கள் சம்பளம் எம்மாத்திரம்?

தமிழ்நாட்டார்க்குக் கப்பலென்றால் நினைவுக்கு வருபவர் வ.உ.சிதம்பரனார். 1906-இல் அவர் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைப் பதிவுசெய்தபோது, 25 ரூபாய்ப் பங்குகளை ஊரறிய மக்களிடம் விற்றார். கப்பல் எவருடையது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. வெள்ளை அரசுக்கும் ஐயமில்லை. 1908-இல் அவரைப் பிடித்துச் சிறையிலிட்டது! நாட்டுக்காகக் கப்பல் விட்டவர் முகத்தை மறைக்கவில்லை. இலாபத்துக்காக மட்டும் கப்பல் விடுவோர் மூன்று நாட்டுத் திரைகளுக்குப் பின்னே ஏன் மறைய வேண்டும்?

நாம் கேட்பது மிகையன்று. நம் துறைமுகத்தில் நுழையும் ஒவ்வொரு கப்பலும், கொடியின் பெயரோடு உண்மையான உடையவனின் பெயரையும் காட்டட்டும். பிணையச் சான்று இல்லாத கப்பலுக்கு நம் துறைமுகங்களில் இடமில்லை என்று அரசு உறுதியாக நிற்கட்டும். உரிமம் இல்லாத முகவர்கள் நம் பிள்ளைகளைக் காசு வாங்கிக்கொண்டு ஊர் பேர் தெரியாத கப்பல்களில் ஏற்றிவிடுவதை அரசு இரும்புக் கரங்கொண்டு தடுக்கட்டும். கப்பல் வேலைக்கு மகனை அனுப்பும் பெற்றோரே, சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னே, உடையவன் யார், பிணையம் உண்டா, முகவரின் உரிமம் எங்கே என்று கேளுங்கள்!

கொடியை எவரும் விலைக்கு வாங்கிவிடலாம். அந்தக் கொடியின் கீழ் உழைப்பவன் பசியால் குரல் கொடுக்கும்போது, "நான் இருக்கிறேன்" என்று சொல்ல ஓர் அரசு வேண்டும். அந்த அரசு பனாமாவிலிருந்து வராது, மால்டோவாவிலிருந்தும் வராது. நம் மாலுமிக்காக நம் அரசுதான் எழ வேண்டும். எழச் செய்ய வேண்டியவர்கள் நாம்!