நீங்கள் கேட்டவை: பஞ்சும் மாவும் தரும் மரப்பெரணி

கேள்வி: எங்கள் மலைச் சோலையில் ஆள் உயரத்துக்கு மேல் மரம்போலப் பெரணி வளர்கிறது. வெளிநாடுகளில் இதனால் ஏதும் பயன் உண்டா? வெட்டி விற்றால் வருமானம் கிடைக்குமா?
- வாசகர், கொடைக்கானல் மலைப்பகுதி

பதில்: பசிபிக் கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளில் இதேபோல ஒரு மரப்பெரணி உண்டு. பெயர் 'ஹாபூ'. இனம் வேறு; ஹவாயில் மட்டுமே இயற்கையாக வளர்வது. 20 அடி வரை உயரும். ஆனால் தண்டு ஆண்டுக்குச் சில அங்குலம்தான் வளரும்.

ஹவாய்ப் பூர்வகுடிகள் இதன் சுருண்ட இளங்குருத்தைச் சமைத்து உண்டார்கள். பஞ்ச காலத்தில் தண்டின் நடுவே உள்ள மாவுப்பகுதியை மண் அடுப்பில் வேகவைத்துப் பசியாறினார்கள். குருத்தைப் போர்த்தியிருக்கும் பொன்னிறப் பஞ்சுக்குப் 'புலு' என்று பெயர். அதைக் காயத்துக்கு வைத்துக் கட்டினார்கள். இறந்தவர் உடலைப் பதப்படுத்தவும் பயன்படுத்தினார்கள். தங்கள் தேவைக்கு எடுத்தவரை காடு தாங்கியது.

1850-களில் இந்தப் பஞ்சு வணிகச் சரக்கானது. மெத்தை, தலையணைக்காக மூட்டை மூட்டையாகக் கலிபோர்னியாவுக்குக் கப்பலேறியது. பஞ்சுக்காகப் பல பெரணிகளை வெட்டியே சாய்த்தார்கள். சில ஆண்டுகளில் புலு நொறுங்கித் தூளாகிவிடும் என்பதால் மெத்தைக்கு அது நிலைக்கவில்லை. 1880-களில் வணிகம் ஓய்ந்தது.

இன்று அதற்குக் கேடு காட்டுப்பன்றி. மாவுக்காகப் பன்றிகள் பெரணியைச் சாய்த்துத் தண்டைக் குடைந்து தின்கின்றன. குடைந்த பள்ளத்தில் மழைநீர் தேங்கிக் கொசு பெருகுகிறது. அந்தக் கொசு பரப்பும் பறவை மலேரியாவால் ஹவாயின் காட்டுப் பறவைகள் மடிகின்றன. அதனால்தான் அங்கே காடுகளுக்கு வேலி போட்டுப் பன்றிகளை அகற்றுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. நாவல் குடும்பத்தைச் சேர்ந்த 'ஓஹியா' மரத்தின் விதை ஹாபூவின் தண்டில் விழுந்து முளைத்து, வேரைத் தரைக்கு இறக்கும். பெரணி சாய்ந்தால் நாற்றங்காலும் போய்விடுகிறது.

உங்கள் சோலைப் பெரணியும் மெதுவாக வளர்வதுதான். சில நூறு ரூபாய்க்காக வெட்டினால், அந்த உயரத்துக்கு மற்றொன்று வரப் பல ஆண்டுகள் ஆகும். வனப்பகுதியில் அனுமதியின்றி வெட்டுவது குற்றமும்கூட. சோலையின் ஈரத்தில்தான் உங்கள் ஊற்று வற்றாமல் இருக்கிறது. பெரணியை நிற்க விடுங்கள்.