பாம்பின் கண் வெளுத்தால் விளக்கெண்ணெய் விடலாமா?

குன்னத்தூர் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அவர் மகன், வெளிநாட்டுப் பாம்பு ஒன்றை வாங்கி வந்து கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறாராம். பெயர் பால் பைத்தான். (குடிக்கிற பால் இல்லை; பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் அந்தப் பெயர். எந்தப் பாம்புக்குமே பால் உணவில்லை.) நான்கு நாளாக அதன் இரண்டு கண்ணும் வெளுத்து, நீலம் பாய்ந்தாற்போல இருக்கின்றன. இரையும் எடுக்கவில்லை. ‘கண்ணுக்கு விளக்கெண்ணெய் விடலாமா? மகன் இடுக்கியால் தோலை உரித்துவிடலாம் என்கிறான். பார்வை போய்விட்டதா?’ என்று கேட்கிறார்.

பார்வை போகவில்லை அம்மா. உங்கள் பாம்பு சட்டை கழற்றத் தயாராகிறது. எண்ணெயும் வேண்டாம், இடுக்கியும் வேண்டாம்.

பாம்புக்கு நம்மைப்போல மூடித் திறக்கும் இமை கிடையாது. கருவிலேயே இமைகள் ஒன்றாகச் சேர்ந்து, கண்ணுக்கு மேல் கண்ணாடிபோன்ற ஒரு செதிலாகிவிடுகின்றன. பாம்பின் கண்ணீர் அந்தச் செதிலுக்கு அடியில் ஊறி, வாய்ப்பக்கம் வடிகிறது. நீங்கள் விடும் எண்ணெய் கண்ணுக்குள் போகவே போகாது. மேலே நின்று தூசியைத்தான் சேர்க்கும்.

பழைய தோலுக்கு அடியில் புதுத் தோல் வளர்ந்ததும் இரண்டுக்கும் நடுவே ஒரு திரவம் ஊறும். கண் செதிலிலும் அப்படியே. அதனால்தான் கண் பால்போல் வெளுக்கிறது. சில நாள் கழித்து, எல்லாம் சரியாகிவிட்டதுபோல் கண் தெளிந்துவிடும். அதற்கும் சில நாள் பின்னால்தான் சட்டை கழலும். மொத்தம் ஒன்று, இரண்டு வாரம். முதலில் மூக்கைக் கல்லில் தேய்த்து உதட்டோரம் பிரிக்கும். பிறகு முன்னால் ஊர்ந்து போகப்போகத் தோல் பின்னால் உருண்டு, உள்பக்கம் வெளியே வந்துவிடும். தலைவழியாகப் பனியனை உருவினால் எப்படி வருமோ, அப்படி. உங்கள் ஊருக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. ஈரமாக இருந்தால் தோல் நீண்டுகொடுக்கும். அதனால் சட்டை எப்போதும் பாம்பைவிட நீளமாகவே இருக்கும். வேலியோரம் கிடக்கும் சட்டையை முழம் போட்டுப் பார்த்துவிட்டு ‘அத்தாந்தண்டி பாம்பு’ என்று ஊரைக் கலைப்பவர்கள் இதைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

சிக்கல் எங்கே வருகிறது? பெரும்பாலும் தண்ணீரில். பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. பகலில் வளைக்குள் பதுங்கிக் கிடக்கும். அங்கே ஈரம் இருக்கும். அதைக் கொண்டுவந்து மாசி, பங்குனி வெயிலில், ஃபேன் ஓடும் அறையில், மேலே வலை போட்ட தொட்டியில் வைத்தால் தோல் வறண்டு துண்டுதுண்டாகத்தான் உரியும். கண் செதில் மட்டும் பழையபடி ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கண் வெளுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். சட்டை கழன்ற பிறகும் கண் மங்கலாக, சுருக்கம் விழுந்தாற்போல இருந்தால்தான் பழைய செதில் தங்கிவிட்டது என்று அர்த்தம்.

அப்போதும் பிடித்து இழுக்கக் கூடாது. பழையதோடு அடியிலுள்ள புதுச் செதிலும் பிய்ந்து வந்தால் கண் திறந்த புண்ணாகிவிடும். அந்தக் கண்ணையே இழக்க நேரிடும். மகனிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

செய்ய வேண்டியது இது. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் பாம்பு நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, ஈரத் துணியோ நனைத்த தேங்காய் நாரோ பரப்பி, தொட்டிக்குள் வையுங்கள். அது தானே போய்ப் படுத்துக்கொள்ளும். தொட்டியின் ஈரப்பதம் சாதாரண நாளில் 60 சதவீதம் அளவிலும், கண் வெளுத்த நாள்களில் 70க்கு மேலும் இருக்கட்டும். அளக்கும் கருவி விலை அதிகமில்லை. உரசிக்கொள்ளச் சொரசொரப்பான கல் ஒன்று போடுங்கள். கண் வெளுத்திருக்கும்போது அதற்குச் சரியாகத் தெரியாது, எரிச்சலில் கடிக்கவும் செய்யும். தூக்காதீர்கள், இரையும் திணிக்காதீர்கள். தோல் மிச்சம் நின்றால் வெதுவெதுப்பான நீரில், தலை மூழ்காத ஆழத்தில், பக்கத்திலேயே இருந்து 20 நிமிடம் ஊற வைத்து, ஈரத் துண்டுக்குள் ஊர்ந்து போக விடுங்கள். பல சமயம் ஒட்டிய கண் செதில் அடுத்த சட்டையோடு தானே போய்விடும்.

வால் நுனியையும் பாருங்கள். அங்கே தோல் வளையமாகத் தங்கினால் ரத்த ஓட்டத்தை இறுக்கி நுனியே கருகி விழும். கண்ணோரத்தில் மிளகுத்தூள் சிந்தியதுபோல் கறுப்பாகப் பூச்சிகள் ஊர்ந்தால் அது உண்ணி; அதுவும் சட்டையைக் கெடுக்கும். ஒரு கண் மட்டும் புடைத்து நின்றாலோ, இரண்டு முறை சட்டை கழன்றும் செதில் போகாவிட்டாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். பாம்பு பார்க்கும் மருத்துவர் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார். உடுமலை, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, கசப்பானது. இந்த இனம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, இப்படிப்பட்டவற்றை வைத்திருப்போர் வனத்துறையின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்றவர் ரசீது தந்தாரா என்று மகனிடம் கேளுங்கள். நம் ஊர்ப் பாம்பு என்றால் பேச்சே இல்லை; சாரையோ நாகமோ மலைப்பாம்போ, பிடித்து வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அனுமதி பெற்று விஷம் எடுக்கும், 1978-ல் தொடங்கப்பட்ட வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தாரே பாம்பை மண்பானையில் சில வாரம் மட்டும் வைத்திருந்துவிட்டுக் காட்டில் விடுகிறார்கள். விடுமுன் வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் இடுவார்கள். சில சட்டை கழன்றதும் அது மறைந்துபோகும். மறையும்வரை அதே பாம்பு திரும்பக் கிடைத்தால் எடுப்பதில்லை.

தறிக்கூடத்திலோ தோட்டத்திலோ கண் வெளுத்த பாம்பைப் பார்த்தால் ‘குருட்டுப் பாம்பு, ஒன்றும் செய்யாது’ என்று கிட்டே போகாதீர்கள். எட்ட நின்று தீயணைப்புத் துறைக்கு 101-ல் சொல்லுங்கள்.

உங்கள் பாம்பு அடுத்த வாரம் கழற்றும் சட்டையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள் அம்மா. தலைப்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண் இருந்த இடத்தில், சின்னக் கண்ணாடி மூடிபோல இரண்டு வட்டம் இருக்க வேண்டும்.