கடலுக்கு நான்கு மணி, கரைக்கு ஐந்தரை மணி

திருவனந்தபுரத்துக்கும் துபாய்க்கும் இடையே ஆகாய மார்க்கமாகச் சுமார் 1,830 மைல். அரபிக் கடலைத் தாண்டி அத்தூரத்தை விமானம் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் கடக்கிறது. ஆனால் ஆரல்வாய்மொழியிலிருந்து ஜீவனத்தை நாடிப் புறப்படும் வாலிபனுக்கு இக்கணக்குப் பொருந்துமா?

அவன் வீட்டிலிருந்து விமான நிலையம் ஐம்பது மைலுக்குச் சற்றே அதிகம். நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை என்று கடைத்தெருக்களினூடே ஊர்ந்து செல்ல இரண்டரை மணி நேரம் ஆகிறது. விமானம் கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே அங்கு ஆஜராக வேண்டும் என்கிறார்கள். ஆகவே கடலுக்கு நான்கு மணி, கரைக்கு ஐந்தரை மணி! நெரிசலுக்கு அஞ்சி இன்னும் முன்னதாகக் கிளம்புகிறவர்களின் கணக்கு வேறு.

கடல் சுருங்கிய வேகத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். யுத்த காலத்தில், 1943 முதல் 1945 வரை, இலங்கையின் கொக்கலைக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் இடையே காடலினா என்னும் கடல் விமானங்கள் இந்து மகா சமுத்திரத்தைக் கடந்தன. சுமார் 3,500 மைலுக்கு ஏறக்குறைய முப்பது மணி நேரம். பிரயாணிகள் வானத்திலேயே இரண்டு சூரியோதயங்களைக் கண்டனர். இன்றைய ஜெட் விமானத்துக்கு அது ஏழு மணி நேர வேலை. கரையில் அத்தகைய அபிவிருத்தி எங்கே?

1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் சென்னை ராஜ்யத்தோடு இணைந்தது. விமான நிலையம் எல்லைக்கு அப்பால் நின்றது. இணைந்ததில் நமக்கு எள்ளளவும் வருத்தமில்லை. ஆயினும் விமான நேரங்களை அனுசரித்து, நள்ளிரவானாலும், நாகர்கோவிலிலிருந்து விமான நிலைய வாசல் வரை பேருந்து விடுவதற்கு இரு சர்க்கார்களும் கூடிப் பேசுவதை எந்த எல்லை தடுக்கிறது?