வாலிபர்மீது பழி ஏன்?

திருப்பூர்–தாராபுரம் ரஸ்தாவில் உள்ள அவிநாசிபாளையம் வட்டாரத்தில் பனியன் கம்பெனியோ விசைத்தறிக் கூடமோ நடத்துவோரிடம் பேசினால் ஒரே புகார்தான் காதில் விழும்: "உள்ளூர்ப் பையன்களுக்கு உடம்பு வணங்கவில்லை, பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆள் அழைக்கிறோம், இனித் தானியங்கி யந்திரந்தான் கதி." வாலிபர்கள் இவ்வேலையை விட்டு விலகுவது மெய்யே. அதற்குச் சோம்பலே காரணம் என்னும் அபிப்பிராயத்தை நாம் ஒப்புக்கொள்ளோம். அதே வாலிபன் வெயிலிலும் மழையிலும் மோட்டார் சைக்கிளில் உணவுப் பொட்டலம் சுமந்து திரிகிறான். உழைப்புக்கு அஞ்சுபவன் இதைச் செய்வானா?

அவன் தந்தையின் காலத்தை எண்ணிப் பார்ப்போம். கிணறு வற்றிய குடியானவன் நான்கு தறி போட்டான். கைமடிக்கச் சேர்ந்த பையன் சில வருஷங்களில் டெய்லரானான். அத்தகையோரிற் பலர் உறவினரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு சொந்தக் கம்பெனி கண்டனர். இன்றைய முதலாளிமாரிற் பலர் அன்றைய தொழிலாளிகளே! ஒருநாள் யந்திரம் தமதாகும் என்ற நம்பிக்கையே அவர்களை இராப்பகல் பாராது உழைக்கச் செய்தது.

அந்த ஏணி இன்று எங்கே? பஞ்சப்படி கோரி 1984-ம் வருஷத்தில் 127 நாள் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பின், தொழில் சிறு சிறு கூடங்களாகச் சிதறியது. ஜாப் ஒர்க்கும் பீஸ் ரேட்டும் பெருகின. பன்னிரண்டு மணி நேர 'ஒன்றரை ஷிப்ட்' வழக்கமாயிற்று. இப்போது நாடா இல்லாத் தறியும், கணினியால் துணி வெட்டும் யந்திரமும் வந்துள்ளன. அவற்றின் விலை, ஆடு மாடு விற்றுப் புரட்டக்கூடிய தொகையன்று. சொந்தத் தொழிலுக்கு வழி அடைபட்டது. புது யந்திரத்தைக் கற்றுத் தேறவும் வழி திறக்கவில்லை. ஒன்றரை ஷிப்ட் மட்டும் மிஞ்சியது. இதை வேண்டாமென்பவன் கணக்கறிந்தவன் என்றே சொல்வோம்.

யந்திரத்தோடு நமக்கு விரோதமில்லை. யந்திர மோகத்தையே தாம் எதிர்ப்பதாக 1924-ல் விளக்கிய காந்தியடிகள், சிங்கர் தையல் மிஷினை விதிவிலக்காகக் குறிப்பிட்டார். அந்தப் பெயர் திருப்பூர் டெய்லர்களின் நாவில் இன்றும் வழங்குகிறது. அகில பாரத சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை இயங்கிய ஊருக்கு இந்தப் பேதத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மனிதனின் சிரமத்தைக் குறைக்கும் யந்திரம் வருக. அவனையே வெளியே தள்ளுவதாயின், அதனால் யாருக்கு க்ஷேமம்?

செய்யவேண்டியவை மூன்று. புது யந்திரம் வாங்கும் முதலாளி, அதை இயக்க உள்ளூர் வாலிபரைச் சம்பளம் கொடுத்துப் பழக்கவேண்டும். 1961-ம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டம் ஏட்டில் உறங்கலாகாது. எட்டு மணி நேர வேலைக்கே குடும்பம் நடத்தக்கூடிய கூலி வேண்டும். விலையுயர்ந்த யந்திரங்களைச் சிறு தறிக்காரரும் தொழிலாளரும் கூட்டுறவு முறையில் வாங்கச் சர்க்கார் கடனுதவி செய்யவேண்டும்.

வெளிமாநிலத் தொழிலாளரைப் பகைப்பதால் பயனில்லை. அவர்களும் அதே ஒன்றரை ஷிப்டில் வாடும் சகோதரர்களே. தொழிற்சங்க ஊழியர்கள் இரு சாராரையும் ஒன்றுசேர்த்து இக்கோரிக்கைகளை வற்புறுத்துவார்களாக. முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை: நீங்கள் ஏறி வந்த ஏணியை மீண்டும் நிறுத்துங்கள், வாலிபர்கள் தாமே வருவார்கள்.